முக்காலியின் நடுக்கம்

முக்காலி ஆடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டறிந்த உண்மை. தரை எத்தனை மேடுபள்ளமாக இருந்தாலும் அதன் மூன்று கால்களும் ஊன்றி நின்றுவிடும். நாற்காலிக்குத்தான் ஒரு காலின் அடியில் காகிதத்தை மடித்துச் செருக வேண்டும். நடக்கப் பழகும் குழந்தைக்கு நம் தச்சர்கள் செய்து கொடுத்த நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். விழக் கூடாதவர்களுக்கு மூன்று என்பது நெடுங்காலத்துக் கணக்கு.

அப்படியிருக்க, சென்ற ஆண்டு ஒரு நாள் காலை மந்தைவெளியிலிருந்து அடையாறு போக நான் ஏறிய ஆட்டோ, பாலத்தின் மேல் போகும்போது நடுங்கத் தொடங்கியது. வண்டி நடுங்கவில்லை, முன்சக்கரம் மட்டும் நடுங்கியது. ஓட்டுநரின் இரண்டு கைகளும் மாவு சலிக்கிறவர் கைகளைப் போல இடமும் வலமும் உதறின. பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“பயப்படாதீங்க சார். முப்பதுல ஆடும், நாப்பது போனா நின்னுடும்” என்றார் அவர். சொன்னபடியே வேகத்தைக் கூட்டினார். நடுக்கம் நின்றுவிட்டது! வியாதிக்கு மருந்தாக வேகத்தைக் கொடுக்கும் வைத்தியத்தை அன்றுதான் பார்த்தேன். ஆனால் இறங்கும்போது அவர் சொன்ன இன்னொரு விஷயம் மனத்தில் தங்கிவிட்டது. தினமும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறவராம். இந்த ஆட்டம் வந்ததிலிருந்து அந்தச் சவாரியை நிறுத்தி வைத்திருக்கிறார். “நம்ம உயிர்னா பரவாயில்ல சார், பிள்ளைங்க...” என்று பாதியில் நிறுத்தினார். மெக்கானிக் கோன்செட்டை மாற்றிப் பார்த்தார், பேரிங்கை மாற்றிப் பார்த்தார். பணம் போனதுதான் மிச்சம். அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். பின்னால் புது டயர் போட்டபோது, கழற்றிய பழைய டயரில் ஒன்றை முன்னால் போட்டதாகச் சொன்னார். மூன்று சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர்தானே; வீணாக்குவானேன் என்ற எண்ணம்.

எனக்கு யந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி மனத்தில் விழுந்தால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போகிற கெட்ட பழக்கம் உண்டு. ஆடாத முக்காலிக்கு ஏன் இந்த நடுக்கம் வந்தது என்று தேடிப் போனேன். அது என்னைப் பெல்ஃபாஸ்டுக்கும், மில்வாக்கிக்கும், யுத்த காலத்து ஆகாய விமானங்களின் வாலுக்கும் அழைத்துப் போயிற்று.

காற்றடைத்த டயரின் சரித்திரமே ஒரு மூன்று சக்கர வண்டியில்தான் தொடங்குகிறது. ஜான் பாய்ட் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராகத் தொழில் செய்து வந்தார். அவருடைய சிறு மகனிடம் ஒரு டிரைசிக்கிள் இருந்தது. கெட்டி ரப்பர் பூண்ட சக்கரங்கள் கல் பாவிய தெருவில் கடகடவென்று அடித்தன. தகப்பனார் ஒரு மரத் தட்டைச் சுற்றி ரப்பர்க் குழாயை வைத்து, துணியால் இழுத்துக் கட்டி, காற்றடைத்தார். அதையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியிலேயே சாய்ந்துவிட்டது. காற்றடைத்தது முற்றத்தின் கோடி வரை ஓடிக் கதவில் மோதித் திரும்பியது. 1888-ல் அவர் பேடண்ட் வாங்கினார். இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1840களிலேயே பேடண்ட் வாங்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் வெளிப்பட்டது. டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் டன்லப்புக்கு நிலைத்தது. அதைப் பற்றித் தாம்ஸன் வருத்தப்பட வழியில்லை. அவர் 1873-லேயே காலமாகிவிட்டார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மூன்று சக்கரம் கௌரவமான வாகனம். உயரமான இரண்டு சக்கர சைக்கிளில் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொள்வது வாலிபர்கள் வேலை. பெரிய மனிதர்களும் பெண்மணிகளும் டிரைசிக்கிளில் போனார்கள். கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த டிரைசிக்கிள்களை 1881-ல் விக்டோரியா மகாராணியே வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் பேடண்ட் பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கும் மூன்று சக்கரங்களே. முன்னால் இரண்டு சக்கரங்களை வைத்தால் அவற்றைச் சரியாகத் திருப்புவது எப்படி என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஒற்றைச் சக்கரமானால் தொல்லை இல்லை என்று வைத்துவிட்டார். தொல்லை இல்லை என்று அவர் நினைத்த அந்த ஒற்றைச் சக்கரத்தில்தான் நம்முடைய கதை இருக்கிறது.

இங்கே கொஞ்சம் சாஸ்திரம் சொல்லியாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் கட்டிலின் சிறு சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சுழலும் முளைக்கு நேர் கீழே இருக்காது. சற்றுப் பின்தள்ளி இருக்கும். கட்டில் எந்தத் திசையில் போனாலும் எஜமானன் பின்னால் போகும் நாய் மாதிரி அது தானாகத் திரும்பிக்கொள்ளும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எல்லாவற்றின் முன்சக்கரமும் இப்படிப்பட்ட நாய்தான். ஹேண்டில் திரும்பும் தண்டின் வழியாக ஒரு கோட்டைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளியை டிரெயில் என்கிறார்கள். இது இருப்பதால்தான் சக்கரம் நேராக ஓடுகிறது.

ஆனால் அதே ஆஸ்பத்திரிக் கட்டிலை வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் படபடவென்று சிறகடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். திரும்பி நேராக வருகிற சக்கரம் நேராக நிற்காமல் மறுபக்கம் தாண்டிவிடுகிறது. அங்கிருந்து மீண்டும் இந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைந்தால் சரி. குறையாமல் கூடினால்?

கூட்டுகிறவர் யார் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை, மோட்டார்க்காரர்கள் தாங்களே தேடிக்கொண்ட ஒரு சங்கடத்தில் கிடைத்தது. அதுவரை டயர்கள் ஒடுங்கலாக, கல் போல விறைப்பாக இருந்தன. 1923-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயர் என்ற பெயரில் பருத்த டயரைக் கொண்டு வந்தது. முன்னிருந்ததில் ஏறக்குறைய பாதிக் காற்றழுத்தம். மெத்தையில் போவது போலச் சுகம். சுகத்தோடு கூடவே ஒரு வியாதியும் ஊரெங்கும் பரவியது. நல்ல சாலையில் போய்க்கொண்டிருக்கும் காரின் முன்சக்கரங்கள் திடீரென்று வலிப்பு வந்தது போல இடமும் வலமும் வெட்டின. தோளைக் குலுக்கி ஆடும் ஷிம்மி என்ற நடனம் அந்த வருஷங்களில் அமெரிக்காவில் பிரசித்தமாக இருந்தது. அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய அபாயத்துக்கும் ஒரு வேடிக்கைப் பெயர் வைத்துவிடுவது அவர்கள் சுபாவம்.

சாலையைக் குற்றம் சொன்னார்கள், ஓட்டுகிறவரைக் குற்றம் சொன்னார்கள், கம்மியரைக் குற்றம் சொன்னார்கள். பிரான்ஸில் புருலியே என்ற இன்ஜினீயர் 1925-ல் குற்றவாளியைக் காட்டினார். டயரேதான். டயர் ரப்பரல்லவா? சக்கரத்தைத் திருப்பியதும் தரையைப் பற்றியிருக்கும் பாகம் உடனே திரும்பிவிடுவதில்லை. பக்கச் சுவர் வளைந்து கொடுத்து, கொஞ்ச தூரம் உருண்ட பிறகே அது கூட வருகிறது. இந்தச் சிறு தாமதம்தான் எல்லா வினைக்கும் மூலம். ஊஞ்சல் ஆடும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும்போது தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். திரும்பிப் போகத் தொடங்கியபின், ஒரு கணம் தாமதித்துத் தள்ளினால் வீச்சு கூடும். ஆட்டத்தை அடக்க வேண்டிய தரையின் விசை, டயரின் தாமதத்தால் ஆட்டத்தைத் தள்ளிவிடும் விசையாக மாறிவிடுகிறது. வண்டியின் ஓட்டத்திலிருந்தே அதற்குப் பலம் கிடைக்கிறது.

இது முழுக் கணிதமாக ஆவதற்கு மேலும் நாற்பது வருஷங்கள் பிடித்தன. ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துப் பேஸேகா இந்த ஒரே நடுக்கத்தைப் பற்றி 1966-ல் டாக்டர் பட்டத்துக்கு ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்தில் ராபின் ஷார்ப் 1971-ல் மோட்டார் சைக்கிளின் ஆட்டங்களைக் கணக்கிட்டு வகை பிரித்தார். டயரின் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் முன்சக்கரத்தின் நடுக்கம் கணக்கில் சரியாக வருவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. மோட்டார் சைக்கிளில் இந்த நடுக்கம் வினாடிக்கு ஏழு முதல் பத்துத் தடவை வரை இருக்கும். கண்ணுக்குக் கைகள் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

இனி மோட்டார் சைக்கிளோடு மூன்றாவது சக்கரம் சேர்ந்த கதைக்கு வருவோம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஹார்லி-டேவிட்ஸன் கம்பெனி 1932-ல், பணமுடை தலைவிரித்தாடிய நாளில், சர்வி-கார் என்று ஒரு வண்டியைச் செய்தது. முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதியில் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும். அதன் உபயோகம் விநோதமானது. பழுதுபார்க்கும் கடைக்காரர் இதில் ஏறி வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போவார். இதை அவருடைய காரின் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வருவார். வேலை முடிந்ததும் அதே விதமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவார். ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் வேலை! பிறகு போலீஸ்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நெடுநேரம் நிற்கும் கார்களின் டயரில் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே தெருவெல்லாம் ஊர்ந்து போவதற்கு, காலை ஊன்றத் தேவையில்லாத வண்டி வசதியாக இருந்தது. 1973 வரை நாற்பத்தோரு வருஷம் இது உற்பத்தியாயிற்று.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பின்னால் பெட்டியும் பெஞ்சும் பொருத்தி, டில்லியில் வாடகைக்கு ஓட்டினார்கள். படபடவென்ற சத்தத்தால் அதற்கு ஃபட்ஃபட்டி என்று பெயர். 1990களின் இறுதியில் புகைக் கட்டுப்பாடு வந்து அவற்றைத் தெருவிலிருந்து அகற்றும் வரை ஓடிக்கொண்டிருந்தன.

மோட்டார் சைக்கிளை முச்சக்கர வண்டியாக்கும்போது நேர்வது என்னவென்றால், அதன் சாய்வு போய்விடுகிறது. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். ஹேண்டிலை அதிகம் திருப்ப வேண்டியதில்லை. அதற்காகவே அதன் டயரின் முகம் வளையல் போல உருண்டையாக இருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே மாதிரித் தரையைத் தொட வேண்டுமல்லவா? மூன்று சக்கரம் சாயாது. முழுத் திருப்பத்தையும் கையால் செய்ய வேண்டும். இரண்டு சக்கரத்தில் உதவியாக இருந்த நீண்ட டிரெயில் இங்கே பிடிவாதம் பிடிக்கும். மாலைக்குள் தோள் கழன்றுவிடும்.

ஆகவே டிரெயிலைக் குறைத்தார்கள். ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ கம்பெனி 1955 முதல் 1969 வரை செய்த எர்ல்ஸ் ஃபோர்க் வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கையைப் பொருத்த இரண்டு துளைகள் வைத்திருந்தது. தனியே ஓட்டும்போது ஒன்று, சைட்கார் பூட்டும்போது மற்றது. இரண்டாவதில் டிரெயில் குறையும். மூட்டுவலிக்காரரும் வயதானவரும் மோட்டார் சைக்கிளை விட மனமில்லாமல் மூன்று சக்கரத்துக்கு மாறுவது பெருகவே, ஹார்லி கம்பெனி 2009-ஆம் ஆண்டு மாடலாக ஒரு முச்சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. அதே கம்பெனியின் பெரிய இருசக்கர வண்டிக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் டிரெயில். இதற்கு நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கை லேசாயிற்று. ஆனால் சக்கரத்தை நேராகப் பிடித்து வைத்திருந்த பிடியும் அதோடு தளர்ந்தது. மெதுவான வேகத்தில் நடுக்கம் எட்டிப் பார்த்தது. ஆகவே ஆட்டத்தை விழுங்க ஹேண்டிலுக்கு ஒரு டாம்பரையும் கூடவே பொருத்தினார்கள். சைட்கார் ஓட்டிய பழைய ஆட்கள் ஹேண்டிலின் நடுவில் ஒரு திருகைத் திருகி இறுக்கிக்கொண்டதும் இதற்காகத்தான்.

டாம்பர் ஆட்டத்தை விழுங்கும்; ஆட்டத்தைப் பிறப்பிக்கும் டயரை என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த விடை ஆகாய விமானத்திலிருந்து வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த லங்காஸ்டர், மொஸ்கிட்டோ விமானங்களின் வால்சக்கரத்துக்கு மார்ஸ்ட்ராண்ட் என்ற ஒரு டயரைப் போட்டார்கள். அதன் முகத்தில் நடுவே ஒரு பள்ளம், இரண்டு ஓரங்களிலும் வரப்பு போல எழும்பிய இரண்டு மேடுகள். அந்த இரண்டு மேடுகளும் மட்டுமே தரையைத் தொடும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பப் பார்த்தால் ஒரு மேடு முன்னேற வேண்டும், மற்றது பின்வாங்க வேண்டும். இரண்டும் ஒரே சக்கரத்தில் இருக்கின்றன. ஒன்று முன்னும் ஒன்று பின்னும் எப்படி உருள்வது? இரண்டும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அந்தத் தேய்ப்பே நடுக்கத்தைத் தின்றுவிட்டது. எண்ணெய், வில் ஒன்றும் இல்லை. ரப்பரின் உருவத்திலேயே வைத்தியம்.

முச்சக்கர மோட்டார் சைக்கிளுக்கு எந்த முன்டயர் என்று கேட்பவர்களுக்கு இந்த வால்சக்கரம்தான் வழிகாட்டி என்பது என் அபிப்பிராயம். உருண்டை முகமுள்ள டயர் முட்டையை நிறுத்தியது போல நடுவில் ஒரு சிறு இடத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் பம்பரம் மாதிரிச் சுலபமாகத் திரும்பும். தட்டை முகமுள்ளது செங்கல்லை வைத்தது போல அகலமாக உட்காருகிறது. திருப்பினால் ஓரங்கள் தரையைத் தேய்க்கும். பிரிட்டனின் ஏவான் கம்பெனி சைட்கார் வண்டிகளுக்கென்றே தட்டை முகத்தோடு தனி டயர் செய்தது வீண் அலங்காரத்துக்காக அல்ல. அதோடு பக்கச் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும், காற்று குறையக் கூடாது. சுவர் தொய்ந்தால் அந்தப் பழைய தாமதம் நீளும். இதற்கு விலையும் உண்டு. தேய்ப்பு கூடினால் கையின் பாரமும் கூடும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் டயர்க்கடைக்காரர் தருவதற்கில்லை.

தட்டை வேறு, கோணல் வேறு. சீராகத் தட்டையான முகம் நடுக்கத்தை அடக்கும். ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் தேயாமல், இங்கொரு பள்ளமும் அங்கொரு மேடுமாக இருக்கும் பழைய டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஹேண்டிலை ஒரு தட்டுத் தட்டும். ஆட்டோச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஆறு ஏழு தடவை சுற்றும். முன்சக்கரம் இயல்பாக ஆடக்கூடிய கதியும் அதுவாகவே அமைந்துவிட்டால், தட்டுகிற கை ஊஞ்சலின் தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். நாற்பதில் தாளம் தப்பிவிடும், ஆட்டமும் நிற்கும். அடையாறு பாலத்தின் மேல் நான் கண்ட வேக வைத்தியத்தின் ரகசியம் இதுதான்.

இவ்வளவையும் நான் அந்த ஓட்டுநரிடம் சொல்லவில்லை. மறு வாரம் அதே ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது, முன்னால் ஒரு புது டயர் போட்டுப் பாருங்கள், பழசைப் பின்னால் ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரிம் பெண்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். “டயர் வெல தெரியுமா சார்?” என்று கேட்டார். தெரியும் என்றேன். கோன்செட்டும் பேரிங்கும் மாற்றிய செலவை அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். காலை எட்டு மணிக்கு மந்தைவெளித் தெருமுனையில் அவருடைய ஆட்டோ என்னைக் கடந்து போயிற்று. உள்ளே ஐந்து பைகளும் ஐந்து தலைகளும் தெரிந்தன. சாயங்காலம் ஸ்டாண்டில் கேட்டேன்: “ஆட்டம் போய்விட்டதா?”

“முழுசாப் போகல சார். காத்து எறங்கினா இருவத்தஞ்சுல லேசா வரும். அதனால தெனம் காலைல காத்துப் பாத்துட்டுத்தான் புள்ளைங்கள ஏத்தறேன்” என்றார்.